நல்ல நிலையில், விற்பனைக்கு

"ஏங்க, நீங்கல்லாம் மனுஷங்கதானா? விக்கிறேன்னு படம் போட்டுட்டு, இப்ப தர முடியாதுன்னா என்ன அர்த்தம்?"

போனில் சுகுணா போட்ட சத்தத்தில், கட்டிலில் படுத்திருந்த அவள் கணவன் தினகரன் கண்ணைத் திறந்து பார்த்தான்.

மறுமுனையில் உடனே பதில் வரவில்லை. அந்தக் குன்னூர்க்காரர் எப்போதுமே இப்படித்தான். ஒன்று கேட்டால் ஆற அமர யோசித்து, இழுத்து இழுத்துத்தான் வாயைத் திறப்பார்.

"தர முடியாதுன்னு... சொல்லலீங்க அம்மிணி. கொஞ்சம் பொறுத்துக்கங்கன்னுதான்... சொல்றேன்."

"எத்தனை நாள் பொறுக்கிறது?"

"அதைத்தானுங்க... என்னால சொல்ல முடியல."

"வெலையை ஏத்தணும்னா நேரா சொல்லிடுங்க. சுத்தி வளைக்காதீங்க."

"வெலை... நீங்க கேட்டதுதானுங்க. மாத்த மாட்டேன்."

"அப்ப முன்பணம் அனுப்புறேன், வாங்கிக்கங்க."

"வேண்டாங்க."

போன் வைக்கப்பட்டுவிட்டது. சுகுணாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்பணம் வேண்டாமாம், நாளும் சொல்ல மாட்டாராம்! வேறு எவனோ கூடக் கொடுக்கிறேன் என்றிருக்கிறான், அவனுக்காகத்தான் இந்த இழுபறி. சந்தேகமே இல்லை.

தினகரன் கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் தூள் சலிக்கிற இடத்தில் வேலை பார்த்தவன். இப்போது நுரையீரல் போய்விட்டது. கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷினின் குழாய் மூக்கில் இருந்தால்தான் மூச்சு. அந்த மெஷினும் வாடகைக்கு வாங்கியது. கடைக்காரர் வாடகையை ஏற்றிக்கொண்டே போனார். கட்ட முடியவில்லை. நாளைக்கு வந்து எடுத்துக்கொண்டு போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

புதுசு வாங்கக் கனவிலும் வழியில்லை. ஆன்லைனில் பழசு தேடினால் அங்கேயும் பகல் கொள்ளைதான். சாமானுக்கு ஒரு விலை, அதற்கு மேல் பாதுகாப்புக் கட்டணம், டெலிவரி, மலைக்குக் கொண்டுவரத் தனிக் காசு. விளம்பரம் போடவே எங்களிடம் பணம் பிடுங்குகிறார்கள் என்று விற்கிறவர்கள் அழுதார்கள். அழுதுவிட்டு, அதையும் வாங்குகிறவள் தலையிலேயே கட்டினார்கள். இந்தக் குன்னூர்க்காரர் கருணாகரன் ஒருத்தர்தான் எந்தச் செலவும் வேண்டாம், வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டிருந்தார். 'நல்ல நிலையில் உள்ளது' என்று ஒரு வரி, கீழே மெஷினின் படம். கடவுளே கண் திறந்தார் என்று நினைத்திருந்தாள், பாவம்.

"அவன் புரோக்கரா இருப்பான்க்கா," என்றான் பக்கத்து லயத்து வீட்டு பவுல்ராஜ். ஜீப் ஓட்டுகிறவன். "மெஷின் ஓடுதான்னு நேர்ல பாக்கணும்னு கேளுங்க. வீட்டுக்குள்ள நுழைஞ்சுட்டோம்னா, பணத்தை நீட்டிட்டு தூக்கிட்டு வந்துடலாம்."

மறுபடியும் போன் போட்டாள். இந்த முறை மௌனம் இன்னும் நீண்டது.

"நியாயந்தானுங்க," என்றார் கடைசியில். "பாக்காம... எப்படி வாங்குவீங்க? வாங்க." வீடு இருக்கும் இடத்தையும் சொன்னார்.

ஜீப்பின் பின்னால் கயிறும் தார்ப்பாயும் ஏறின. தோட்டைக் கழற்றி விற்ற பணம் சுகுணாவின் மடியில் இருந்தது. வழியெல்லாம் மூடுபனி. பவுல்ராஜ் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தான். அவளோ, அந்த ஆளை என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல் விடக் கூடாது.

கதவைத் திறந்தது அவர் மனைவி சாந்தாமணி. முகம் வீங்கியிருந்தது.

"கோத்தகிரிக்காரங்களா? வாங்க, உள்ள வாங்க. டீ வைக்கட்டுங்களா?"

"டீ குடிக்க வரலம்மா. அங்க என் வீட்டுக்காரருக்கு நாளைக்கு மூச்சு இருக்குமான்னு தெரியாம கிடக்கேன். பணம் கையோட இருக்கு. இன்னிக்குத் தூக்கிட்டுத்தான் போவேன்!"

சாந்தாமணி உள் அறைப் பக்கம் திரும்பி, "ஏனுங்க, அவங்க வந்துட்டாங்க," என்றாள்.

உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. சீரான உறுமல், நடுநடுவே புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. ராத்திரி பகலாகச் சுகுணா தன் வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிற அதே சத்தம்! ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது. நான் வந்து பார்க்கட்டும் என்று போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த மனுஷனைக் கண்டபடி பேசிவிட்டோமே என்றுகூட ஒரு கணம் வருத்தப்பட்டாள்.

"பவுலு, கயிறு எடுத்துட்டு வா," என்று வாசலைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரைச்சீலையை விலக்கினாள்.

கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் கருணாகரன். மெஷினிலிருந்து கிளம்பிய குழாய் அவர் மூக்கில் போய் முடிந்தது.

"நல்லா... ஓடுதுங்களா அம்மிணி?" என்றார், சிரிக்க முயன்றபடி. "அடுத்த மாசத்துல இருந்து... விளம்பரத்துக்குக் கட்டணம்... ஏத்தறாங்களாம். நான் போனப்புறம்... இவளுக்கு எதுக்குங்க அந்தச் செலவு? அதான்... இப்பவே போட்டுட்டேன்."