அடுக்கு ரோஸ் வேண்டாம்

"ஏனுங்க, இந்த ரோஸைப் பாருங்க! ஒரு பூவே கை நெறைய இருக்குது. இதையே எழுதச் சொல்லுங்க!"

மாராயிக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. சோளக்காடு சந்தையில் அர்த்தனாரியின் கடைப் பலகைமேல், பெங்களூரிலிருந்து தபாலில் வந்த பூச்செடிப் புத்தகம் விரிந்து கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் கலர்ப் படம். ஒருதரம் நட்டால் வருஷா வருஷம் பூக்கிற செடிகளுக்கென்றே அதில் நாலு பக்கம்.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவள் புருஷன் பழனிமுத்து ஒரு முழம் பூ வாங்கித் தந்ததில்லை. மலைத்தேன் எடுக்கிற மனுஷன். பூ வாசத்தைவிடப் புகை வாசம்தான் அவன்மேல் அதிகம். அப்படிப்பட்டவன் விடிந்ததும் விடியாததுமாக, "கெளம்பு புள்ள, ஊட்டுக்குப் பின்னால பூந்தோட்டம் போடலாம்" என்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் தலைகால் புரியும்?

"ரோஸு வேண்டாம்," என்றான் பழனிமுத்து. "இதழ் அடுக்கடுக்கா மூடிக் கெடக்குது. தெறந்த பூவாப் பாரு."

"அடுக்கா இருந்தாத்தானுங்க அழகு?"

"வேண்டாம் புள்ள."

மாராயிக்குச் சுருக்கென்றது. ஆனால் அடுத்த பக்கத்தைத் திருப்பியதும் அது பறந்துபோனது. இளஞ்சிவப்பில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் கொடிப்பூ! அவள் வாயைத் திறப்பதற்குள் பழனிமுத்துவே அதன்மேல் விரலை வைத்துவிட்டான்.

"ஏனுங்க, இது எப்பப் பூக்கும்னு போட்டிருக்குது?" என்று கடைக்காரரைக் கேட்டான்.

அர்த்தனாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். "அநேகமா வருஷம் முழுக்கன்னு இருக்குதப்பா."

"ஆடியில? ஐப்பசியில?"

"ஏப்பா, நீ செடி வாங்கறயா, பஞ்சாங்கம் பாக்கறயா?"

மாராயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு ஊதா நிறக் கதிர்ப்பூ ஒன்று, பொடிப்பொடியாக மஞ்சள் பூ ஒன்று. ஒவ்வொன்றுக்கும் அவன் மாதம் கேட்டான். எந்த மாதமும் பெண்டாட்டி தலை வெறுமையாக இருக்கக் கூடாதென்று பார்க்கிறான், கள்ளன்! அவளுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

அர்த்தனாரி செடிகளுக்கு ஆர்டர் எழுதி முடித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. "வைகாசி வருதே, தேனுக்கு என்ன பண்ணப் போறே? மச்சான்தான் பட்டாளத்துக்குப் போயிட்டானே?"

"பாத்துக்கலாங்க," என்று பழனிமுத்து காதைச் சொறிந்தான்.

மாராயியின் சிரிப்பு பாதியில் நின்றது. செங்குத்துப் பாறையில் வடத்தைக் கட்டிக்கொண்டு தேனுக்கு இறங்குகிறவனுக்கு, மேலே வடம் பிடிக்கிறவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும். அது அவர்கள் ஊர் வழக்கம். தங்கச்சி தாலியை நினைத்துக்கொண்டு பிடிக்கிற கை தளராது. போன வைகாசியில் வடம் வழுக்கியபோது, உள்ளங்கைத் தோல் உரிய இழுத்துப் பிடித்துப் பழனிமுத்துவைக் காப்பாற்றியது அவள் அண்ணன் காளியண்ணன்தான். இருக்கிற ஒரே அண்ணனும் இப்போது எந்தச் சீமையில் சண்டை போடுகிறானோ!

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் கேட்டுவிட்டாள். "வேற ஆளை வெச்சு எறங்க மாட்டீங்கதானுங்களே?"

"தேன் இல்லாம எப்பிடிப் புள்ள?" என்றான். நடையை எட்டிப் போட்டான்.

வைகாசி பிறந்து நாலாம் நாள் செடிக்கூடை மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து தலைச்சுமையாக ஏறி வந்தது. ஈரப் பாசி சுற்றிய நாற்றுகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு. மாராயி தொட்டிலில் இருந்து பிள்ளையைத் தூக்குகிறவள்போல ஒவ்வொன்றாக எடுத்தாள். பக்கத்து வீட்டுப் பெருமாயியைக் கூப்பிட்டுக் காட்டினாள். "எங்கூட்டுக்காரர் எனக்குன்னு வரவழைச்சதாக்கும்!" என்று ஏழெட்டுத் தடவையாவது சொல்லியிருப்பாள். நட்டு முடித்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவர ஓடைக்குப் போனபோது கால் தரையில் பாவவில்லை.

அங்கேயும் பெருமை பேசிவிட்டு வெகுநேரம் கழித்துக் குடத்தோடு திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பரண் காலியாக இருந்தது. தேன் வடத்தைக் காணோம். மூலையில் இருந்த கொடுவாளையும் காணோம்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அழுது தடுப்பாளென்று தெரிந்து, பூவைக் காட்டி வாயை அடைத்திருக்கிறான்! பிள்ளைக்கு மிட்டாயைக் கொடுத்து ஏமாற்றுகிற மாதிரி! பற்றிக்கொண்டு வந்தது கோபம். அதைவிடப் பெரிதாகப் பயம். இடுப்புக் குடம் எங்கே விழுந்ததென்றுகூடத் தெரியவில்லை. பாறைக்குப் போகிற தடத்தைப் பிடிக்க வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

"போகாதீங்க! இந்தச் செடியெல்லாம் எனக்கு வேண்டாம், பிடுங்கி எறிஞ்சிடறேன்! நீங்க போகா..."

பழனிமுத்து போகவில்லை. பூந்தோட்டத்து நடுவில் நாலு கம்பு நட்டுவிட்டு நின்றான். கீழே, முழங்கை நீளத்துக்கு ஒன்றாக வெட்டிய வடத்துண்டுகள். மிச்ச வடத்தைக் கம்புக்குக் கம்பு குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டியிருந்தான். அந்தப் பந்தலுக்கு அடியில் துளை போட்ட மரப்பெட்டி ஒன்று.

"வடத்தை... வடத்தை ஏனுங்க வெட்டிப்போட்டீங்க?"

"கொடி படரப் பந்தல் வேணுமில்ல?" அவன் பெட்டியின் மூடியை மெல்லத் தூக்கினான், உள்ளே மரப்பொந்திலிருந்து பிடித்து வந்த தேனீக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. "காட்டுல பூ இல்லாத மாசத்துலயும் இதுங்க பட்டினி கெடக்கக் கூடாதுல்ல? அந்த அடுக்கு ரோஸுல இதுங்களுக்குத் தேன் எட்டாது புள்ள, அதான் வேண்டாம்னேன். தேனு இனி ஊட்டுக்கே வந்துரும், உங்கண்ணனே திரும்பி வந்தாலும் நான் பாறையில எறங்கறதா இல்லை."