பழைய வாசல்

"இந்தத் திருப்பத்துக்கு என்ன பேரு தம்பி?"

"திருப்பத்துக்கெல்லாம் பேரு வைக்கலக்கா. ஏர்போர்ட்டு புது டெர்மினலுக்குப் போற வழி, அம்புட்டுதான்" என்றான் சேரன்.

பின் இருக்கையில் இருந்த சந்தனமேரி அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஆவூரில் ஏறியதிலிருந்து இதே வேலைதான். பாலம் வந்தால் கேட்டாள், பெட்ரோல் பங்க் வந்தால் கேட்டாள், ரவுண்டானாவைக்கூட விடவில்லை. டிரைவிங் டெஸ்டுக்குப் படிக்கிறீங்களா என்று கேட்டுப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்காரர் வெளிநாடு போய் ஆறு வருசமாகிவிட்டது, ரோடெல்லாம் மாறிவிட்டது, திரும்பும்போது ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும் என்றாள்.

சேரனுக்கு ஊர் ஆலங்குடி. ஆவூர்ச் சவாரி எப்போதும் இன்னொரு டிரைவர் பீட்டருடையது. பீட்டருக்குக் காய்ச்சல் என்பதால் இது கைமாறி வந்தது. பீட்டர் கொடுத்தது ஒரு போன் நம்பரும் நேரமும் மட்டுமே. மீதியை சந்தனமேரிதான் வழியில் சொன்னாள். வீட்டுக்காரர் மரிய அந்தோணியைக் கூட்டி வர வேண்டும். நாளைக் காலை ஆவூர்க் கோயிலில் அவருக்காகப் பூசை. அதற்குள் அவர் வீடு வந்து சேர்ந்தாக வேண்டும்.

"பழைய வாசலுக்குத்தான போகணும் தம்பி?"

அவர் போன விமானக் கம்பெனி பழைய டெர்மினலைக் காலி செய்துவிட்டுப் புதியதற்கு மாறி மூன்று மாதமாகிறது என்று சேரன் விளக்கினான். மாறிய முதல் நாள் தானே பழைய வாசலில் பெயர் அட்டையோடு ஒன்றரை மணி நேரம் நின்றதையும், கடைசியில் ஒரு நாய் மட்டும் வந்து அட்டையைப் படித்துவிட்டுப் போனதையும் சொன்னான்.

"ஏரோப்ளேன் மாறிருச்சு, சரி. அது அவருக்குத் தெரியணுமே."

"எறக்கிவிட்ட எடத்துலதானக்கா வெளிய வரணும்? அவருக்கு எதுக்குத் தெரியணும்?"

அவள் பையிலிருந்து செபமாலையை எடுத்தாள். சேரன் தன் திறமையில் தானே மகிழ்ந்து, வண்டியைப் புது டெர்மினலுக்கே விட்டான்.

வழக்கப்படி அட்டையில் 'மரிய அந்தோணி' என்று எழுதித் தடுப்புக் கம்பியோரம் நின்றான். பெட்டிகள் வந்தன, குழந்தைகள் ஓடின, அழுகையும் முத்தமும் முடிந்தன. கடைசியாக விமானப் பணிப்பெண்கள்கூட பையை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். போன் போடச் சொன்னான். அவரிடம் போன் இல்லை என்றாள். ஆச்சரியம் என்னவென்றால், அவள் ஒரு முகத்தைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. செபமாலையை உருட்டிக்கொண்டு நாற்காலியிலேயே இருந்தாள்.

"நான் சொன்னேன்ல. அங்கிட்டுத்தான் நிப்பாரு" என்று எழுந்தாள்.

பழைய டெர்மினலில் உச்சி வெயிலும் நிசப்தமும் மட்டும் இருந்தன. தள்ளுவண்டிகளைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். கட்டடத்தின் நெற்றியில் பெயர் எழுத்துகளைப் பெயர்த்தெடுத்த தடம் தெரிந்தது. இருண்ட கண்ணாடிக் கதவில் அவன் காரும் அவளும் நிழலாடினார்கள். சேரன் வண்டியிலேயே இருந்துகொண்டான். வெயிலுக்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அவள் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்துப் பேசினாள். திறந்திருந்த ஜன்னல் வழியே கொஞ்சம் கேட்டது.

"பீட்டரு வரல. இது வேற தம்பி. கொஞ்சம் வாய் ஜாஸ்தி, நல்ல பையன். வாங்க போவோம்."

தூண் மேல் இருந்த புறாக்கள் எல்லாம் ஒன்றாக எழும்பி இரண்டு பக்கமும் விலகின. அவள் திரும்பி நடந்து வந்தாள். அவ்வளவு அகலமான நடைபாதையில் ஓரமாக ஒதுங்கி, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு நடந்தாள்.

காரின் முன் கதவைத் திறந்தாள். உயரமான ஒருவர் காலை மடக்கி உட்காரும் நேரம் வரை பிடித்திருந்தாள். பிறகு மெதுவாகச் சாத்திவிட்டுப் பின்னால் ஏறினாள்.

"போலாம் தம்பி."

முன் சீட்டைப் பார்க்காமலிருக்க சேரன் மிகவும் பாடுபட்டான். "அண்ணன் எங்கக்கா?"

"அந்த ஊருலயே அடக்கம் பண்ணிட்டாங்க. நாளையோட நாப்பது நாளு" என்றாள் சந்தனமேரி. "எங்க வீட்டு வழக்கம் தம்பி. தூரத்துல செத்தவுகள, கடைசியா வழியனுப்புன எடத்துல நின்னு கூப்புடணும். பாலம், திருப்பம் எல்லாம் சொல்லிச் சொல்லிக் கூட்டியாரணும். இல்லன்னா அங்கனயே நிப்பாக."

எதற்கும் ஒரு நையாண்டி வைத்திருக்கும் சேரன் நேரே ரோட்டையே பார்த்தான். சாவியைத் திருப்பி, வண்டியை நகர்த்தினான்.

பீப், பீப், பீப்.

அவன் வண்டியில் முன் சீட்டில் பாரம் ஏறினால், பெல்ட் மாட்டும்வரை அலாரம் ஓயாது. ஆலங்குடியில் பலாப்பழம் ஏற்றிய அன்று பழத்துக்கும் பெல்ட் போட்டுத்தான் ஊர் போய்ச் சேர்ந்தான். இப்போது சீட்டில் ஒன்றும் இல்லை. அலாரம் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

சேரன் வண்டியை நிறுத்தினான். கையை நீட்டி, காலி இருக்கைக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினான். சத்தம் நின்றது.

கொஞ்ச தூரத்தில் சந்தனமேரி வழி சொல்ல வாயெடுத்தாள். அதற்குள், பக்கத்து இருக்கையைப் பார்த்து சேரனே சொல்லிவிட்டான்.

"ரவுண்டானா வருதுண்ணே. வாங்க."