அரச களை

“நாளைக்கு மீசையைச் சிரைச்சுட்டு வாலே. இல்லன்னா வேலைக்கே வராத.”

ராயபுரம் மிளகாய் மண்டி முதலாளி வெள்ளத்துரை இப்படிச் சொன்னதும், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் அப்பாவுவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எல்லாம் மண்டி போட்ட 1953-ம் வருஷக் காலண்டர் செய்த வேலை. அதில் ஓவியர் சௌக்கத் அலி வரைந்த மாறவேல் ராஜா படம். ராஜா செத்து எழுநூறு வருஷமாகிறது. அந்தப் படத்தையும் சினிமா நடிகர் இந்திரகுமார் போட்டோவையும் ஒரு பத்திரிகை அருகருகே போட்டு, ‘அதே மூக்கு, அதே மீசை. மன்னரின் மறுபிறவியோ?’ என்று எழுதிவிட்டது.

நாளைக்கு அந்த இந்திரகுமாரே மண்டிக்கு வந்து ராஜா படத்தைத் திறந்து வைக்கிறார். கஷ்டம் என்னவென்றால், அப்பாவுவுக்கும் அதே முகம்.

“அவரு மூஞ்சியோட ஒரு மூட்டைக்காரன் எதிர்ல நின்னா அவருக்கு அசிங்கம்லா?” என்றார் வெள்ளத்துரை.

போன வருஷம் கூலி உயர்வு கேட்டுப் பதினோரு நாள் மண்டி வாசலில் குந்தியிருந்தவன் அப்பாவு. மீசையை எடுக்க மாட்டான் என்றுதான் எல்லாரும் நம்பினார்கள்.

மறுநாள் மழுங்கச் சிரைத்துக்கொண்டு வந்து நின்றான்.

“எங்க மானத்தையும் சேத்து வழிச்சிட்டியே நைனா,” என்றாள் மிளகாய்க் காம்பு கிள்ளும் குப்பம்மா. அவன் அடுத்த மூட்டைக்குக் குனிந்தான்.

இந்திரகுமார் வந்தார். படத்தைத் திறந்தார். “இந்த வம்சத்தின் ரத்தம்தான் என் உடம்பில் ஓடுகிறது என்று என் தாயார் அடிக்கடி சொல்வார்கள்,” என்றார் மைக்கில். விசில் பறந்தது.

போகும்போது அப்பாவு முன்னால் சற்று நின்றார்.

“உன் பேர் என்னப்பா?”

“அப்பாவுங்க.”

“நல்லா உழைக்கணும்.” தோளில் தட்டிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் சௌக்கத் அலி அவனைப் பிடித்துக்கொண்டார்.

“அந்த ராஜா மூஞ்சிய எவன் பாத்தான்? உன்னை நாலு நாள் உக்கார வெச்சுத்தானே வரைஞ்சேன். அவரு ரத்தம், வம்சம்னு அளந்துகினு கீறாரு. அது என் மூஞ்சின்னு ஒரு வார்த்தை சொன்னா இன்னா? மொதலாளிக்குப் பயந்துட்டியா?”

“மொதலாளி கெடக்கறாரு பாய். அவருக்காக எடுக்கல.”

“பின்ன யாருக்காக?”

அப்பாவு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தான்.

“பன்னெண்டு வயசுல நாடகக் கம்பெனிக்கு ஓடிப்போனவன் பாய் இந்த இந்திரகுமாரு. என் கூடப்பொறந்த தம்பி, நீலமேகம். நான் மீசையோட நின்னுகினு இருந்தா, மைக்ல அவன் சொன்ன தாயாரு எண்ணூர் உப்பளத்துல உப்பு வாரினவள்னு இன்னிக்கே ஊருக்குத் தெரிஞ்சிருக்கும்.”