வெயிலில் காய்ந்த வாக்கு

வேலூரில் மே மாதம் வந்துவிட்டால், கல்யாணமானவர்கள் வீடுகளில் ஃபிரிட்ஜை யாரும் அணைப்பதில்லை. புருஷனும் பெண்டாட்டியும் கொடுத்துக்கொண்ட வாக்கைக் காந்தமாகப் பிடித்து வைத்திருக்கும் கடோலினியம் என்ற உலோகத்தின் இரண்டு படிகங்கள் அதற்குள்தான் இருக்கும். இருபது டிகிரியைத் தாண்டினால் காந்தமும் போச்சு, வாக்கும் போச்சு.

குணசீலனின் வாக்குக்குக் காய்கறித் தட்டு, தமயந்தியுடையதற்கு முட்டைத் தட்டு என்று ஏற்பாடு. ஆறு வருடம் சமைத்து அலுத்துப்போன குணசீலன், அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, காய்கறித் தட்டுக் கல்லை மொட்டைமாடி வெயிலில் காயவைத்து, பூனை மாதிரி திரும்ப வைத்துவிட்டான்.

மறுநாள் காலை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

"டிபன் என்னங்க?"

"நான் செய்றேன்னு எப்போ சொன்னேன்? கல்லைக் கேட்டுப் பாரு."

தமயந்தி முட்டைத் தட்டுக் கல்லை எடுத்து, வாக்கை ஒலிக்கவிடும் கருவியில் வைத்தாள். "உசிருள்ளவரைக்கும் சமையல் என் பொறுப்பு தமயந்தி" என்று அவன் குரலே காதல் சொட்டச் சொட்ட ஒலித்தது.

"போன மாசமே ரெண்டையும் இடம் மாத்தி வச்சிட்டேன். நேத்து என் கல்லு சுட்டுச்சு, அப்பவே புரிஞ்சுபோச்சு" என்றபடி தோள்பையைத் திறந்தாள். நாய்க்குட்டி ஒன்று தலையை நீட்டியது.

"நாயே வளர்க்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியே!"

"நானா? எப்போங்க? கல்லைக் கேட்டுப் பாருங்க."