கடைக்கு நடுவே ஒரு சுவர்

ஏற்காட்டுப் பனிமூட்டம் கடைக்குள்ளும் வந்து நிற்கிறது. சமரசப் பேச்சுவார்த்தை பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஹசீனா, மிளகுச் சாக்குகளுக்கு இடையே அத்தாவையும் அவர் தம்பி முபாரக் சாச்சாவையும் எதிரெதிரே உட்கார வைத்திருக்கிறாள். கடையை இரண்டாக்கும் சுவருக்கு வாசலில் செங்கல் இறங்கிக்கொண்டிருக்கிறது. "அவனை மன்னிப்புக் கேக்கச் சொல்லு கண்ணு" என்கிறார் அத்தா. "எதுக்குன்னு அவருகிட்டக் கேளு சாமி" என்கிறார் சாச்சா. கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்துகொண்டு, இருவரும் அவள் முகத்தைப் பார்த்தே பேசுகிறார்கள். நடுவில் இருப்பவர் குரலை உயர்த்தக் கூடாது என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பவள், "நேராப் பேசித் தொலைங்களே" என்று கத்திவிடுகிறாள். மாதக்கணக்கில் பேசாத அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். "நொம்பப் படிச்சுட்டா" என்கிறார் அத்தா. "ஆமாங்கண்ணா" என்கிறார் சாச்சா. பிறகு எழுந்துபோய், சுவருக்கு நேர் பார்க்கக் கொத்தனார் நீட்டும் நூலை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொள்கிறார்கள்.