உடைசல்

"முழுசா ஒரு துண்டாவது மிச்சம் வச்சிருக்கியா, இல்ல எல்லாத்தையும் ஒடச்சுத் தீர்த்துட்டியா?"

பேராசிரியர் டப்பாவை மேசைமேல் கவிழ்த்தார். எஃகுத் துண்டுகள் கலகலவென்று கொட்டின. எல்லாம் இரண்டிரண்டாக முறிந்தவை. செத்த கரப்பானைத் தள்ளுவதுபோல் அவற்றை விரல் நுனியால் தள்ளினார்.

எதிரே நின்ற ஆராய்ச்சி மாணவி தலையைக் குனிந்துகொண்டாள். ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு 'உடைசல்' என்று பெயர். வைத்தவர் அவளுக்கு வழிகாட்டும் இந்தப் பேராசிரியர்தான். ஏழு வருஷமாக அவர் காட்டிய ஒரே வழி, கதவுப் பக்கம்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த துறைத்தலைவிக்கு எரிச்சலாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. பொருளறிவியலில் முனைவர் பட்டம் வாங்க என்னென்ன வேண்டுமோ, அந்தப் பெண் எல்லாவற்றையும் முடித்திருந்தாள். பாடங்கள் ஆயிற்று, தகுதித் தேர்வு ஆயிற்று, கட்டுரைகளும் வெளிவந்தாயிற்று. பேராசிரியர் 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆய்வேடு வாய்மொழித் தேர்வுக்குப் போய்விடும். இன்றோடு கெடு முடிகிறது. சொல்லாவிட்டால் வழக்கமாக மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

"ஈரக்காத்துல வச்சு இழுத்தா இந்த எஃகுக் கலவை முறிஞ்சிடுதுங்கறதுதானே சார் என் ஆராய்ச்சி முடிவே?" என்றாள் அவள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! உனக்குத் துண்டைக் கீறல் இல்லாம ஒழுங்காத் தேய்க்கத் தெரியல, கலவை மேல பழி போடறியா? இரும்புத் தூணைக் குடுத்தாலும் ரெண்டாக்கிட்டு வந்து நிப்ப."

"பிள்ளையைக்கூட அம்மாகிட்ட விட்டுட்டு வந்து செஞ்சிருக்கேன் சார்."

"அந்தப் பிள்ளையையாவது உருப்படியா வளர்த்திருக்கலாம். ஏழு வருஷம் ஒடச்சதுக்குப் பட்டமா? பழைய இரும்புக் கடையில போய்க் கேளு, எடை போட்டுக் குடுப்பான்."

சொல்லிக்கொண்டே ஒரு ஜோடித் துண்டை எடுத்தார். "பாருங்க மேடம், எவ்வளவு அழகாப் பொருந்துது!" என்று முறிந்த முகங்களை ஒன்றோடொன்று அழுத்தி நறநறவென்று தேய்த்தார்.

"ஐயோ, தேய்க்காதீங்க சார்!" அவள் பதறிப்போய் மேசையைச் சுற்றி ஓடிவந்தாள். "முறிஞ்ச முகத்தைப் பார்த்துத்தானே ஏன் முறிஞ்சதுன்னு கண்டுபிடிக்க முடியும்?"

"எனக்கே பாடம் எடுக்கறியா?" அடுத்த ஜோடியையும் எடுத்துத் தேய்த்தார்.

முதல் வருஷப் பையன்கூடச் செய்யாத தப்பு அது. கோபம் வந்தால் படித்த படிப்பெல்லாம் மறந்துவிடும் போலிருக்கிறது என்று துறைத்தலைவி நினைத்துக்கொண்டார். மீதித் துண்டுகளை வழித்து டப்பாவில் போட்டுத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"நீ கொஞ்சம் வெளியே இரும்மா."

கண்ணைத் துடைத்தபடி அவள் வெளியே போனாள். பேராசிரியர் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். "சனியன் விட்டுது! இதையெல்லாம் யார் மேடம் ஆராய்ச்சிக்குச் சேர்க்கறது?"

"நேத்து நானே ஒரு துண்டைத் தேய்ச்சு, நானே மெஷின்ல பூட்டி ஈரக்காத்துல இழுத்துப் பார்த்தேன்," என்றார் துறைத்தலைவி. "அதுவும் முறிஞ்சிடுச்சு. எனக்கும் தேய்க்கத் தெரியலையா சார்?"

பேராசிரியர் கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

"அவ வேலை சுத்தம். நீங்க 'சரி' சொல்லாட்டியும் விதிப்படி நான் சொல்லலாம். சொல்லத்தான் போறேன். ஆனா ஒண்ணு கேக்கணும். சின்னப் பொண்ணை எதுக்கு இந்தப் பாடு படுத்தினீங்க?"

அவர் எழுந்துபோய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை நேரம் கேட்ட குரல் எங்கே போனதோ, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டது.

"முறியும்னு அவளுக்குப் பட்டம் குடுத்தா, முறியாதுன்னு எனக்குக் குடுத்த பட்டம் என்ன ஆகும் மேடம்?"