மஞ்சள் மிதவை

தொம்மை போட்ட முடிச்சு அவிழ்ந்து, அவன் மனைவி ஜெனோவாவின் பெயர் எழுதிய மஞ்சள் மிதவை வலையை விட்டுக் கடலோடு போய் ஒன்பது வருடம் ஆகிறது. நீரோட்டம் ஒரு கரையில் முட்டினால் திரும்பும், திரும்பித் திரும்பிக் கடைசியில் இங்கேதான் வரும் என்பாள் அவள்.

"கடலென்ன டவுன் பஸ்ஸா, சுத்திட்டு நம்ம ஸ்டாப்புல வந்து நிக்க? வந்தா மீசைய எடுத்துடுறேன்" என்பான் தொம்மை.

இன்று விடிந்தபோது அது அவன் வலையோரமாக ஆடிக்கொண்டு நின்றது. உடம்பெல்லாம் சிப்பி ஒட்டியிருந்தது. அவள் பெயருக்குக் கீழே, அவன் கண்டிராத எழுத்தில் இன்னொரு பெயர். வாலாக ஒரு நீலக் கயிறு. படகில் வேறு ஆள் இல்லை. மீசையைத் தடவிக்கொண்டான். மிதவையைப் பிடித்திருந்த கையை எடுத்தால் போதும், தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விடும். ஆனாலும் மடியில் வைத்தே கரைக்குக் கொண்டுவந்தான்.

ஜெனோவா அந்த எழுத்தை விரலால் தடவினாள். "இதுவும் ஒரு பொம்பள பேருதான்."

"உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"கயித்து நுனியப் பாருங்க. அறுந்து வரல, அவுந்து வந்திருக்கு. அவ புருஷனுக்கும் முடிச்சுப் போடத் தெரியல."

சாயங்காலம் மழமழவென்ற மேலுதட்டோடு வந்து நின்றவன் கையில் மிதவையைக் கொடுத்தாள்.

"நாளைக்கு ஆழத்துல விட்டுட்டு வாங்க. அங்க ஒருத்தன் இன்னும் மீசையோட திரிவான்."